சனிக்கிழமை இல்லாத ஆல்பம்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி, டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கங்க மக்களே.

கொச்சி காக்கநாட்டுல ஒரு புராஜக்ட்ல மாட்டிக்கிட்டு இருந்த சமயம். திங்கள் முதல் வெள்ளி வரை ஜாவாவோட மல்லுக்கட்டு, சனி ஞாயிறு கழுத்துல செகண்ட் ஹேண்ட் கேமரா. அப்படி ஒரு சனிக்கிழமை காலையில மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போய் இறங்கினேன். எல்லாரும் எழுதுற அந்தப் பரதேசி சினகாக் (யூதர்களோட ஜெபாலயம்), சீனத்து நீலத் தரையோடு, பெல்ஜியம் விளக்கு, எல்லாத்தையும் சுட்டுத் தள்ளிடணும்னு திட்டம். போனா கதவு பூட்டியிருக்கு. சனிக்கிழமை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லையாம். "இதைக்கூட விசாரிக்காம வந்தியா"ன்னு என்னை நானே திட்டிக்கிட்டு, வந்ததுக்கு தெருவை எடுத்தேன். மர ஜன்னல், கம்பியில ஆறுமூலை நட்சத்திரம், மஞ்சள் சுவர், ஏலக்காய் மூட்டை, பூனை. 200 படத்துக்கு மேல தேறுச்சு.

அடுத்த மாசம் பூதப்பாண்டிக்கு வந்தப்போ லேப்டாப்ல ஆச்சிக்கு ஒவ்வொண்ணா ஓட்டிக் காமிச்சேன். ஆச்சி கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு முழுசும் பாத்தாள். அப்புறம் கேட்டாள்: "எல்லாம் தெருவும் சொவருமால்லா இருக்கு மக்கா. மனுசாளு எங்க? அவ்வொ என்ன தின்னாவோ, எப்பிடி சோறு வச்சாவோ, ஒண்ணும் தெரியலியே. அடுக்களை ஒண்ணுகூட எடுக்கலியா?"

எடுக்கலை. எடுக்க வழியும் இல்லைன்னு சமாளிச்சேன். ஆனா கேள்வி உள்ள போய் உக்காந்துடுச்சு. என் படத்துல மட்டும்தான் இல்லையா, இல்ல கொச்சி யூதர்களை எடுத்த எல்லா படத்துலயும் இப்படித்தானான்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். கேரளத்து யூதர்கள்னா மட்டாஞ்சேரி யூதத் தெரு மட்டும்தான்னு நானும் நினைச்சிருந்தேன். தப்பு. 1940கள்ல மொத்தம் சுமார் 2,500 பேர் இருந்திருக்காங்க. எட்டு சினகாக். மட்டாஞ்சேரியில மூணு, எர்ணாகுளத்துல ரெண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளான்னு ஊருக்கு ஒண்ணு. இதுல 1568ல கட்டின பரதேசி சினகாக்கைச் சேர்ந்தவங்க மொத்தத்துல பத்தில் ஒரு பங்குதான் தேறுவாங்க. மிச்ச அத்தனை பேரும் மலபாரி யூதர்கள். அவங்கதான் இங்க பழைய ஆளுங்க. ஸ்பெயின், போர்ச்சுகல்ல இருந்து துரத்தப்பட்டும், சிரியா மாதிரி இடங்கள்ல இருந்து வியாபாரத்துக்கும் பின்னாடி வந்து சேந்தவங்கதான் 'பரதேசி'. வெளிதேசத்துக்காரன்ங்கிற அர்த்தத்துல மட்டும்தான். நம்ம ஊர்ல அதை வசவா மாத்தி வச்சிருக்கோம், அந்தத் தெருவுல போர்டைப் பாத்து சிரிக்கிற தமிழ் டூரிஸ்ட் கூட்டத்துல நானும் இருந்தேன்.

எவ்வளவு பழைய ஆளுங்கன்னு கேட்டா ரெண்டு செப்பேடு இருக்கு. ஒண்ணு, கி.பி.849ல வேணாட்டு அய்யன் அடிகள் கொல்லத்து தரிசாப்பள்ளிக்குக் கொடுத்தது. அதுல சாட்சிக் கையெழுத்து போட்ட மேற்காசிய வியாபாரிகள்ல நாலு பேர் எபிரேய எழுத்துல போட்டிருக்காங்க. வேணாடுன்னா நமக்கு அந்நியம் இல்லையே. பின்னாடி அது திருவிதாங்கூராகி, 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம நாஞ்சில் நாடே அதுக்குள்ளதான் இருந்துச்சு. இன்னொண்ணு, சுமார் கி.பி.1000ல சேர அரசன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான்கிற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. பகல் விளக்கு, நடக்க விரிக்கிற துணி, பல்லக்கு, குடை, தோரணம்னு 72 உரிமைகள். 2017 ஜூலையில பிரதமர் மோடி இஸ்ரேல் போனப்போ நெதன்யாகுவுக்குக் கொடுத்தது இந்த செப்பேடுகளோட நகல்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன கிளுகிளுப்பு. செப்பேடு வட்டெழுத்துல இருக்கு. நாஞ்சில் நாட்டுக் கோயில் கல்வெட்டுகள்ல நிறையவும் அதே வட்டெழுத்துதான். மொழியைப் பழைய மலையாளம்னு சொல்றாங்க, ஆனா எழுத்துப்பெயர்ப்பை எடுத்து வச்சு வாசிச்சா தமிழ் தெரிஞ்சவனுக்குப் பாதி புரிஞ்சிடும். செப்பேட்டில் அவர் பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்'. ஜோசப்பை இவ்வளவு அழகா நம்ம வாய்க்கு வளைச்சது யாரோ தெரியல.

சீனத்து ஓடு, 1760ல எசக்கியேல் ரஹபி கட்டின மணிக்கூண்டு, 1968ல 400வது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தது, தபால் தலை வெளியிட்டது, இதெல்லாம் எல்லா பயணப் பதிவுலயும் இருக்கு. விட்டுடறேன். ஆச்சி கேட்டதுக்கு வருவோம்.

பழைய படங்களைத் தேடித் தேடிப் பாத்தப்போ முதல்ல உறைச்சது என்னன்னா, அதுல சனிக்கிழமையே கிடையாது. நான் எந்த நாள் போய் கதவடைப்பைப் பாத்துட்டு சலிச்சுக்கிட்டேனோ, அதே நாள். யூதர்களுக்கு வாரத்தோட உச்சி சாபத்துதான், வெள்ளி சூரியன் விழுந்ததுல இருந்து சனி ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரியுற வரைக்கும். அன்னைக்கு நெருப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, காசு தொடக்கூடாது. கேமராவும் அந்தக் கணக்குலதான். பெரிய பண்டிகை நாட்களுக்கும் இதே சட்டம். அதாவது ஒரு யூதக் குடும்பம் நல்ல துணி உடுத்தி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, எல்லாரும் சேந்து உக்காந்து பாடுற பெரும்பாலான நாள் கேமராவுக்குத் தடை. ஒரு பக்தியான யூத வீட்டோட ஆல்பத்துல இருக்கிறதெல்லாம் ஞாயிறு முதல் வெள்ளி மத்தியானம் வரைதான். 'சாபத்து விருந்து'ன்னு தலைப்பு போட்ட படம் பாத்தீங்கன்னா, ஒண்ணு வேற நாள்ல அதே மாதிரி உக்காத்தி வச்சு எடுத்தது, இல்ல அந்நியன் எடுத்தது.

நம்ம வீட்டு ஆல்பத்தை நினைச்சுப் பாருங்க. கல்யாணம், பொங்கல், கொடை, சடங்கு. விசேஷ நாள் தவிர வேற எப்ப படம் எடுத்திருக்கோம்? அவங்க ஆல்பம் அப்படியே தலைகீழ்.

அப்ப சனிக்கிழமை எப்படித்தான் இருந்துச்சு? படம் இல்லாட்டாலும் எழுதி வச்சிருக்காங்க. வெள்ளி மத்தியானத்துக்குள்ள சமையல் முடியும். தேங்காயெண்ணெய் விளக்கு ஏத்துவாங்க. சினகாக்குக்குள்ள செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவாங்க. உலகத்துல மத்த இடத்து யூதர்களுக்கு இந்தப் பழக்கம் பொதுவா இல்ல, இது நம்ம பக்கத்துக் கோயில் வழக்கம். கிறிஸ்தவ, இஸ்லாமிய அண்டை வீட்டாருக்கும் பழகினதுதான். கேரளத்து சினகாக்ல இன்னொரு விசேஷம், தோரா வாசிக்க நடுவுல ஒரு மேடை, மாடியில பெண்கள் பகுதிக்கு முன்னாடி ரெண்டாவதா ஒரு மேடை. சாபத்துலயும் பண்டிகையிலயும் மாடி மேடையில நின்னு வாசிப்பாங்க. கீழ இருக்கிற ஆம்பளைங்களுக்கு எவ்வளவு கேட்டுச்சோ, மேல இருக்கிற பெண்களுக்கு ஒரு எழுத்து விடாம கேட்டிருக்கும். கட்டடத்தை வெறும் கட்டடமா படம் பிடிச்சா அந்த மாடி மேடை ஒரு பித்தளைக் கம்பி வளையம், அவ்வளவுதான்.

ஆச்சியோட அடுக்களைக்கும் பதில் கிடைச்சது, ஆனா படத்துல இல்ல, புத்தகத்துல. நாதன் காட்ஸ், எல்லன் கோல்ட்பர்க் தம்பதி யூதத் தெருவுலயே தங்கி ஆராய்ச்சி பண்ணி 1993ல வெளியிட்ட புத்தகத்துல பஸ்கா பண்டிகைக்கு நடக்குற ஏற்பாட்டை விலாவாரியா சொல்லியிருக்காங்க. பஸ்கா வர்றது மார்ச் ஏப்ரல்ல. இவங்க டிசம்பர் வாக்குல ஹனுக்கா முடிஞ்சதுமே ஆரம்பிச்சுடுவாங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது, கிணறு எறைக்கிறது, மசாலாவை எல்லாம் கழுவிக் காயப்போடுறது, அரிசியை மணி மணியாப் பாத்துப் பொறுக்கி தனியா வைக்கிறது. அந்த எட்டு நாளும் புளிச்ச மாவோட ஒரு துகள்கூட வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது. அதுக்குத்தான் மூணு மாச உழைப்பு. திராட்சை ரசம் கிடைக்காத ஊர்ல உலர்ந்த திராட்சையை ஊறவெச்சு வீட்டுலயே ரசம் செஞ்சுக்கிட்டாங்க. ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். "மூணு மாசமா? பொங்கலுக்கு ஒரு வாரம் ஒதுங்க வைக்கதுக்கே எனக்கு நடு ஒடிஞ்சு போவும்"னாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அரிசி பொறுக்கினது பொம்பளையளாத்தான் இருக்கும்"னாள். ஆமா ஆச்சி.

அப்ப கேமரா வச்சிருந்தவங்க எதைத்தான் எடுத்தாங்க? சென்னை அருங்காட்சியகத்துல கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல தென்னிந்தியக் குலங்களைப் பத்தி ஏழு தொகுதி போட்டார். மனுஷர் மூக்கையும் மண்டையையும் அளந்து ஜாதி பிரிச்ச புண்ணியவான். அதுல யூதர்களுக்கும் ஒரு பகுதி உண்டு, வெள்ளை யூதர், கறுப்பு யூதர்னு பிரிச்சுத்தான். அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆளுங்க நமூனா. நேரா நில்லு, பக்கவாட்டுல திரும்பு, முடிஞ்சது. 1937ல அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டெல்பாம் கொச்சிக்கு வந்தார். அவர் வேற ரகம். வாழ்க்கையைப் பாக்க வந்தவர், கேமராவும் கொண்டு வந்தார், 1939ல கொச்சி யூதரோட வாழ்க்கை முறையைப் பத்தி ஒரு நல்ல கட்டுரையும் எழுதினார். ஆனாலும் ஒரு விஷயம் படத்துல விழவே விழாது. ஒரு சினகாக்குக்குள்ள யார் பெஞ்சுல உக்காந்தாங்க, யார் தரையில உக்காந்தாங்கங்கிறது.

இந்தப் பதிவை எழுதியே ஆகணும்னு எனக்குத் தோண வச்ச இடம் இதுதான்.

பரதேசிகள் மலபாரி யூதர்களோட பொண்ணு குடுத்து எடுக்கமாட்டாங்க. "நீங்கள்லாம் அடிமைங்க வழி, மதம் மாறினவங்க வழி"ன்னு சொல்லி ஒதுக்கினாங்க. ஆனா மலபாரிகளுக்கு சொந்த சினகாக்கும், பரதேசிகளைவிடப் பழைய வரலாறும் இருந்துச்சு. நிஜமாவே சிக்கிக்கிட்டவங்க மூணாவதா ஒரு சின்னக் கூட்டம். பரதேசி வீடுகள்ல அடிமையா இருந்து விடுவிக்கப்பட்டவங்களோட வாரிசுகள். எபிரேயத்துல 'மெஷுக்ராரீம்', விடுவிக்கப்பட்டவர்கள். பேருதான் விடுதலை. பரதேசி சினகாக்குக்குள்ள அவங்களுக்கு பெஞ்ச் கிடையாது, முன்னறையிலயோ தரையிலயோதான். தோரா வாசிக்கக் கூப்பிட மாட்டாங்க. செத்தா புதைக்கிற இடமும் தனி.

இந்தக் கூட்டத்துல 1882ல பொறந்தவர் ஆபிரகாம் பராக் சலேம். மகாராஜாஸ் காலேஜ்ல படிச்சு, சென்னையில சட்டம் முடிச்சு, எர்ணாகுளத்துல வக்கீல். காங்கிரஸ்காரர், 1929 லாகூர் மாநாட்டுக்குப் போனவர், கொச்சி சட்டமன்றத்துல உறுப்பினர். வெளிய இவ்வளவு மரியாதை. சனிக்கிழமை சினகாக்குக்குள்ள போனா தரை. மனுஷன் காந்தி வழியை அப்படியே உள்ள கொண்டு போனார். உண்ணாவிரதம்னு மிரட்டினார், புறக்கணிச்சார், அப்புறம் பிள்ளைகளோட போய் உக்காந்து தொழுகைக்கு நடுவுல வாதாடினார். 'யூத காந்தி'ன்னு பேரே வந்துடுச்சு. 1930கள்ல பின் வரிசையில பெஞ்ச் கிடைச்சது, 1940கள்ல தோரா வாசிப்பு. 1950ல அவர் மகனும் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்க கொச்சியில முடியாம பம்பாய் போக வேண்டியிருந்துச்சு. பின்னாடி அந்தத் தெருவுக்கே அவர் பேரு வந்தது வேற கதை. நான் கேமராவோட நடந்தது அந்த ஏ.பி.சலேம் ரோட்டுலதான், போர்டையும் எடுத்திருக்கேன், யாருன்னே தெரியாம.

எங்க ஊர்க்காரனா எனக்கு இதைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல. இதே வருஷங்கள்லதான் 1924ல வைக்கம். கோயிலைச் சுத்தின தெருவுல நடக்குறதுக்கே சத்தியாகிரகம். அதுல போய் கலந்துக்கிட்டவங்கள்ல பூதப்பாண்டியில 1907ல பொறந்த ஜீவாவும் ஒருத்தர், அப்ப 17 வயசு. அடுத்து நம்ம சுசீந்திரத்துல 1926லயும் 1930லயும் சத்தியாகிரகம், அதுலயும் அவர் உண்டு. 1936 நவம்பர்ல திருவிதாங்கூர் கோயில்கள் எல்லாருக்கும் திறந்தாச்சு. ஒரே கடற்கரை, ஒரே காலம், ஒரே கிழிசல். ரெண்டாயிரம் வருஷமா உலகம் முழுக்க ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டம், பெரிசா தொந்தரவு இல்லாத ஒரு ஊருக்கு வந்து, அந்த ஊர்ல இருந்து கத்துக்கிட்டது யாரையாவது ஒதுக்குறதை. சிலர் இதைச் சொன்னா "இந்தியாவுல யூத வெறுப்பே இருந்ததில்ல தெரியுமா"ன்னு பெருமை பேசுவாங்க. அது பெருமளவு உண்மைதான். ஆனா அந்த உண்மைக்குள்ள சலேம் உக்காந்த தரையும் இருக்கு.

தரையில உக்காந்தவங்க வீட்டு அடுக்களைய எழுதினதும் அந்தக் கூட்டத்துப் பொண்ணுதான். ரூபி டேனியல், 1912ல பொறந்தவங்க. ரெண்டாம் உலகப்போர்ல இந்தியக் கடற்படையோட மகளிர் பிரிவுல வேலை பாத்தாங்க, 1951ல இஸ்ரேல் போய் நெயோட் மொர்தெகாய்ங்கிற கிப்புட்ஸ்ல வாழ்ந்தாங்க, 2002ல மறைஞ்சாங்க. பார்பரா ஜான்சன்ங்கிற ஆய்வாளரோட சேந்து 1995ல வந்த அவங்க நினைவுக்குறிப்புல பாட்டி சொன்ன பேய்க்கதை, வறுமை, பண்டிகை, தெருச்சண்டை, அவமானம் எல்லாம் இருக்கு. யூதத் தெருவைப் பத்தி ஒரே ஒரு புத்தகம் படிக்கிறதா இருந்தா இதைப் படிங்க. அதுல ஃபோட்டோவுல வராத ஆளுங்க மொத்தமா வந்து உக்காந்திருக்காங்க.

அடுத்து நிலத்துக்கு வர்றேன். நமக்கெல்லாம் கேமரா கையில கிடைச்சா முதல்ல எடுக்கிறது நிலக்காட்சிதானே. பூதப்பாண்டியில பொறந்த எவனும் தாடகை மலையும் கீழே வயலும் எடுக்காம இருந்ததில்ல, நானும் ஒரு 300 வச்சிருக்கேன். கொச்சி யூதர்னா நிலக்காட்சின்னு நமக்கு மனசுல வர்றது ஒரு குறுகலான தெரு. அதுவும் அந்தப் பத்தில் ஒரு பங்கோட நிலக்காட்சி. மிச்ச பேரோடது எப்படின்னு பாக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடிச்சு சேந்தமங்கலம் போனேன்.

போனதும் ஊருக்கு வந்துட்ட மாதிரி ஒரு உணர்வு. பெரியாறு கிளை பிரிஞ்சு போற இடம். தென்னை, தண்ணி, கைத்தறி. கோட்டையில் கோவிலகம்னு ஒரு குன்று, அடிவாரத்துல ஓட்டுக்கூரை சினகாக், கூப்பிடு தூரத்துலயே கோயில், பள்ளிவாசல், பழைய தேவாலயம். நம்ம பழையாத்துக் கரையில எந்த ஊர்ல வேணும்னாலும் இந்தக் கட்டடத்தைக் கொண்டு வந்து வச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அப்படிப் பொருந்தும். உள்ள 2006ல இருந்து அருங்காட்சியகம். பழைய குடும்பப் படங்கள் இருக்கு. ஆம்பளைங்க முண்டு, தலையில குல்லா. பொம்பளைங்க முண்டும் சட்டையும். குல்லாவை எடுத்துட்டா எங்க தெருக்காரங்க. இவங்க கல்யாணத்துல பொண்ணுக்குத் தாலியும் உண்டு.

வாசல்ல ஒரு கல்லறைக் கல். 'இஸ்ராயேலின் மகள் சாரா', வருஷம் 1269. கொடுங்கல்லூர்ல இருந்து கொண்டு வந்தது, இந்தியாவுல கிடைச்ச மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு இதுதான்னு சொல்றாங்க. சும்மா ஓரமா நட்டு வச்சிருக்கு. நான் போனப்போ ஒரு ஆள் இல்ல, ஒரு மணிநேரம் நானும் சாராவும்தான்.

(இதே சேந்தமங்கலத்துலதான் 1947-48ல பாலியம் சத்தியாகிரகம். பாலியத்தச்சன் வீட்டு வழியா இருக்கிற ரோட்டுல தாழ்த்தப்பட்டவங்க நடக்குறதுக்காக. ஏ.ஜி.வேலாயுதன் அடிபட்டுச் செத்தது இங்கதான். நிலக்காட்சி எவ்வளவு அழகா இருந்தாலும் நடுவுல யாரு நடக்கலாம்ங்கிற ஒரு கோடு ஓடுது, லென்ஸ்ல தெரியாது.)

படம் தவறவிட்டதை எல்லாம் பிடிச்சு வச்சிருந்தது வேற ஒண்ணு, பாட்டு நோட்டு. கேரளத்து யூதப் பெண்கள் மலையாளத்துல பாட்டு கட்டிப் பாடினாங்க, ஆம்பளைங்க முன்னாடியே, கல்யாணத்துலயும் பண்டிகையிலயும். பல மரபு யூத சமூகங்கள்ல பெண் குரல் ஆண்கள் காதுல விழக்கூடாது, இங்க அந்தப் பேச்சே இல்ல. கிளிப் பாட்டு, கல்யாணப் பாட்டு, பறவூர் சினகாக் கட்டின பாட்டு. எழுதத் தெரிஞ்சவங்க நோட்டுல எழுதி, தாய்கிட்ட இருந்து மகளுக்குப் போய், ஊர் விட்டுப் போகும்போது பெட்டியில மடிச்சுக் கொண்டு போயிருக்காங்க. நகையோட சேத்து. பி.எம்.ஜுஸ்ஸே, ஷெர்லி ஐசன்பெர்க், பார்பரா ஜான்சன், அப்புறம் ஸ்கரியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல்னு பலர் உழைச்சு அந்த நோட்டுகளைச் சேகரிச்சாங்க. 2004ல ஜெருசலேம்ல இருந்து ஒரு ஒலித்தட்டு, 2005ல 'கார்குழலி'ங்கிற பேர்ல மலையாளம் எபிரேயம் ரெண்டுலயும் தொகுப்பு. கார்குழலி! பேரைப் பாத்ததும் நம்ம வீட்டுப் பொண்ணுதானேன்னு தோணுச்சு. பாடுறதைக் கேட்டா வயசான குரல்கள், சுருதி அங்கங்க நழுவுது, ஆனா எங்க ஊர்ப் பக்கம் நாத்து நடவுல கேட்ட குரல் மாதிரியே இருக்கு. ஆச்சிக்கு ஹெட்போன் மாட்டி விட்டேன், தலையாட்டிக்கிட்டே கேட்டாள். "மலையாளத்துக்காரியளா?" "இல்ல ஆச்சி, யூதப் பொம்பளைங்க." "ரெண்டுந்தாம்ல."

1948ல இஸ்ரேல் உருவாச்சு. 1950கள்ல ஊர் ஊரா கிளம்பினாங்க. யாரும் துரத்தல, கலவரம் இல்ல. வேதத்துல படிச்ச மண்ணுக்குப் போறோம்னு ஒரு உந்துதல், கூடவே இங்க தொழில் நசிஞ்சது. மாளாக்காரங்க 1955ல சினகாக்கையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்து பொறுப்புல ஒப்படைச்சுட்டுப் போனாங்க. போன இடத்துல கிடைச்ச நிலக்காட்சி என்ன? 1954ல ஒரு கூட்டத்தைக் குடி வச்சது நெவாதிம்ல, நெகேவ் பாலைவனத்துல, பீர்ஷெபா பக்கம். பெரியாத்துல குளிச்சு வளர்ந்தவனை மணல்ல இறக்கி விட்டிருக்காங்க.

இஸ்ரேலோட ஆரம்பகால நிலக்காட்சிப் படங்களைப் பாத்திருக்கீங்களா? ஹங்கேரியில பொறந்து 1933ல அங்க வந்த ஜோல்டான் க்ளூகர் மாதிரி ஆளுங்க, தேசிய நிதி அமைப்புகளுக்காக எடுத்தது. கேமராவைத் தாழ வச்சு, வானத்தை முக்கால்வாசி விட்டு, வெயில்ல சிரிக்கிற இளைஞன், கையில மண்வெட்டி, பின்னாடி வெறும் நிலம். தொழில்நுட்பமா பாத்தா பிரமாதம். ஆனா அந்த 'வெறும் நிலம்'ங்கிறதுல சிக்கல் இருக்கு. கொச்சிக்காரங்களைக் குடி வச்ச இன்னொரு ஊர் மெசிலாத் சியோன், 1948 போர்ல காலியாக்கப்பட்ட பைத் மஹ்சீர்ங்கிற பாலஸ்தீன கிராமத்து நிலத்துல 1950ல எழுந்தது. யாரோட அடுக்களையோ அங்க இருந்திருக்கு. அதுவும் படத்துல இல்ல. கொச்சியில இருந்து போய் இறங்கினவங்களுக்கு அது தெரிஞ்சிருக்குமாங்கிறது வேற. எங்க குடி வச்சாங்களோ அங்க குடியிருந்தாங்க.

அந்த மணல்ல சேந்தமங்கலத்துக்காரர் ஒருத்தர் பூ வளத்தார். எலியாகு பெசலேல். பசுமைக்குடில் போட்டு ரோஜா வளத்து ஐரோப்பாவுக்கு ஏத்துமதி பண்ணி பேர் வாங்கினார், இந்திய அரசோட பிரவாசி பாரதீய சம்மானும் கிடைச்சது. எங்க தாலுகாவுல தோவாளைக்காரனுக்குப் பூவைப் பத்தி யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா பிச்சிப்பூவுக்குத் தண்ணி பாய்ச்சவே கால்வாயை நம்பி இருக்கிற எங்களுக்கு, நெகேவ்ல ரோஜாங்கிறது கொஞ்சம் ஓவர்தான்.

கட்டடங்களோட கதையும் விசித்திரம். மட்டாஞ்சேரி கடவும்பாகம் சினகாக்கோட உள்ளலங்கார மரவேலையை அப்படியே கழட்டிக் கொண்டு போய், 1995ல ஜெருசலேம்ல இஸ்ரேல் மியூசியத்துல பொருத்திட்டாங்க. ஏசி, வெளிச்சம், கண்ணாடி. இங்க மிச்சம் நின்ன வெறும் கட்டடம் 2019 செப்டம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு. எர்ணாகுளத்துக் கடவும்பாகம் சினகாக் பல காலம் ஒரு அலங்கார மீன், செடிக் கடைக்குப் பின்னாடி இருந்துச்சு. அந்தக் கடையை வச்சுக்கிட்டே அதைக் காப்பாத்தினவரும் ஒரு யூதர்தான். இந்த மாதிரி ஆளு டூரிஸ்ட் கேமராவுல எங்க மாட்டுறார்.

டூரிஸ்ட் கேமராவுல மாட்டினது சாரா கோஹன்தான். யூதத் தெருவுல எம்ப்ராய்டரி கடை வச்சிருந்த பாட்டி. ஜன்னலோரம் உக்காந்து துணி தைக்கிற அவங்க படம் இல்லாத பயண இதழே இருக்காது. 2019ல 96 வயசுல போயிட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல குவீனி ஹல்லேகுவாவும் போனதும் பரதேசிகள்ல பெண்கள்னு யாரும் மிச்சம் இல்ல. தொழுகைக்குப் பத்து ஆம்பளை வேணும்ங்கிறது யூத சட்டம், மட்டாஞ்சேரியில உள்ளூர்க்காரங்களை வச்சு அந்தப் பத்து தேறாமப் போய் வருஷக்கணக்காச்சு. ஒவ்வொரு சாவுக்கும் 'கடைசி யூதர்'னு தலைப்பு போட்டு செய்தி வரும். ஆனா கேரளத்து யூதர் வம்சாவழி இஸ்ரேல்ல ஆயிரக்கணக்குல இருக்கு. பேரன் பேத்திங்க ஹீப்ரூ பேசுறாங்க, அப்பமும் மீன்கறியும் திங்குறாங்க. தெரு காலியானதைத்தான் நாம ஆளே காலியான மாதிரி படம் எடுத்துக்கிட்டு இருக்கோம், நானும் சேத்துத்தான்.

அந்த 200 படத்துல இப்போ ஒரு பத்துதான் வச்சிருக்கேன். சலேம் ரோடு போர்டு, பூட்டின கதவு, இன்னும் சில. கூடவே சேந்தமங்கலத்து சாரா கல், அது சுமாரா வந்திருக்கு, வெயில் நேரா விழுந்து எழுத்து சரியாத் தெரியல. திரும்பப் போகணும், சாயங்காலமா.

பதிவைப் படிக்கிறவங்கள்ல எர்ணாகுளம், பறவூர், மாளா பக்கம் வேர் இருக்கிற யாராவது இருப்பீங்க. உங்க வீட்டுல 80 தாண்டின ஆளுங்க இருந்தா, பக்கத்து வீட்டு யூதர்களைப் பத்தி கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன். தெரு எப்படி இருந்துச்சுன்னு கேக்க வேண்டாம், அதுக்குப் படம் நிறைய இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுல இருந்து என்ன வாசம் வந்துச்சு, சனிக்கிழமை பிள்ளைங்க என்ன விளையாடினாங்கன்னு கேட்டு எழுதுங்க. ஆச்சி ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் விசாரிக்கா.